பரதேசிகளின் தெரு

தமிழில் பரதேசி என்பது வசவு. அயல் தேசத்தான் என்ற ஆதி அர்த்தம் தேய்ந்து, வீடு வாசல் அற்றவன், கேட்பாரில்லாதவன், பிச்சைக்காரன் என்று அந்த வார்த்தை கீழே இறங்கிவிட்டது. என் அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறினால் அவர் வாயில் வரும் கடைசி வார்த்தை அதுதான். அதற்கு மேல் அவரிடம் வார்த்தை கிடையாது. அதே சொல் கொச்சியில் நானூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக ஒரு ஜெபாலயத்தின் பெயராக இருக்கிறது. அங்கே அது கௌரவம். வெளியிலிருந்து வந்தவன் என்பதே அங்கு ஒருவனின் அந்தஸ்து. ஒரு வார்த்தை மலையைத் தாண்டும்போது இப்படித் தலைகீழாவதை அகராதியில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். நான் அதை நடந்து தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டது அது மட்டுமல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வங்கி என்னை மூன்று நாள் பயிற்சிக்கு எர்ணாகுளம் அனுப்பியிருந்தது. செயலற்றுப் போன கணக்குகளைப் பற்றிய பயிற்சி. இரண்டு வருஷம் போடலும் எடுப்பும் இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகிறது. பத்து வருஷம் யாரும் கேட்காவிட்டால் அந்தப் பணம் ரிசர்வ் வங்கி 2014ல் ஏற்படுத்திய நிதிக்குப் போய்விடுகிறது. ஆனாலும் உரியவனோ அவன் வாரிசோ என்று வந்து கேட்டாலும் திருப்பித் தர வேண்டும். இந்தக் கடைசி விதியை எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். மூன்றாம் நாள் மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். ரயில் இரவில். படகேறிக் கோட்டைக் கொச்சியில் இறங்கி, அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு நடந்தேன்.

அந்தச் சாலையை நடந்துதான் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கிட்டங்கிகள். கிட்டங்கிகளுக்குப் பின்னால் காயல். அரிசி, சுக்கு, ஏலம், மிளகு. சுக்கின் காட்டம் மூக்கில் ஏறிக் கண்ணில் இறங்குகிறது. குஜராத்திகள், கொங்கணிகள், கட்சி முஸ்லிம்கள், தமிழ்ப் பிராமணர்கள் என்று சில சதுர மைலுக்குள் வந்தேறிகளின் ஒரு பட்டியலே இருக்கிறது. கோட்டைக் கொச்சியில் ஒரு சலவைத் துறை உண்டு. டச்சுக்காரர்கள் தங்கள் துணியை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த வண்ணார்களின் சந்ததி இன்னும் அங்கே துவைக்கிறது, வீட்டில் தமிழ் பேசுகிறது. அவர்களும் சொல்லின் நேர்ப்பொருளில் பரதேசிகள்தான். அவர்களை யாரும் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

யூதன் என்றால் எனக்குக் கிடைத்தவர்கள் இரண்டு பேர். பி.ஏ. வகுப்பில் ஷைலக். பிறகு, நம்மில் பலருக்குப் போல, காஃப்கா. இருவரையும் படித்த நான் அவர்கள் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்று யோசித்ததில்லை. ஷைலக்கின் வெனிஸில் 1516ல் யூதர்களுக்கென்று ஒரு தீவுத் துண்டை ஒதுக்கி இரவில் கதவை அடைத்துப் பூட்டினார்கள். கெட்டோ என்ற வார்த்தையே அங்கிருந்துதான் உலகத்துக்குப் போயிற்று. காஃப்கா பிறந்தது 1883ல், பிராகின் பழைய யூதப் பேட்டையின் விளிம்பில். அவன் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த வயதில் அந்தப் பேட்டையை நகர சீர்திருத்தம் என்ற பெயரில் இடிக்க ஆரம்பித்தார்கள். ஐரோப்பாவின் யூதத் தெரு என்பது ஒன்று பூட்டப்பட்டது, அல்லது இடிக்கப்பட்டது. இந்தப் பிம்பத்தோடுதான் நான் மட்டாஞ்சேரிக்குள் நுழைந்தேன். அங்கே இந்தப் பிம்பம் பொருந்தவில்லை.

அங்கே மதில் இல்லை, இரவுப் பூட்டு இல்லை. போர்த்துகீசியர்கள் 1555ல் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்த அரண்மனை, அதன் வளாகத்திலேயே பழயன்னூர் பகவதி கோயில், அதை ஒட்டி யூதரின் ஜெபாலயம். கோயில் மணியும் தோரா வாசிப்பும் ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பெரியாற்றில் 1341ல் வந்த வெள்ளத்தில் கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்த பிறகும், பின்னால் அங்கே சண்டைகளில் அடிபட்ட பிறகும் யூதர்கள் மெல்ல மெல்லக் கொச்சிக்கு நகர்ந்தார்கள். ஸ்பெயினிலிருந்தும் போர்த்துகலிலிருந்தும் துரத்தப்பட்டவர்கள் பதினாறாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தார்கள். ராஜா தன் மாளிகைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். 1568ல் பரதேசி ஜெபாலயம் எழுந்தது. டச்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று 1662ல் போர்த்துகீசியர்கள் அதைக் கொளுத்தினார்கள். மறு வருஷம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்ததும் அது மறுபடி எழுந்தது. இந்தியச் சரித்திரத்தில் யூதனை யூதன் என்பதற்காக இந்த மண்ணின் ராஜா ஒருவரும் துன்புறுத்தவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். அதைச் சந்தேகிக்க என்னிடம் காரணம் இல்லை. ஆனால் கதை அங்கே முடிவதுமில்லை.

தெருவில் இப்போது பழம்பொருள் கடைகள், காஷ்மீர்ச் சால்வைக் கடைகள், அத்தர், மசாலா. சில வீடுகளின் ஜன்னல் கம்பிகளில் மட்டும் ஆறுமுனை நட்சத்திரம் இருக்கிறது. தெருக்கோடியில் 1760ல் எழுப்பிய மணிக்கூண்டு. முகத்துக்கு ஒன்றாக ரோமன், ஹீப்ரு, மலையாள எண்கள். கப்பல்காரனுக்கு ஒரு மணி, தொழுகிறவனுக்கு ஒரு மணி, ராஜாவுக்கு ஒரு மணி. காலம் ஒன்றுதான், எழுத்துதான் வேறு.

உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். இது உலகத்தின் பெரும்பாலான யூத ஆலயங்களில் இல்லாத, மலையாள மண்ணின் வழக்கம். அதனால் முதல் அனுபவம் காலுக்குத்தான் கிடைக்கிறது. கான்டனிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பலில் வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், குளிர்ச்சியாக. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்று வழிகாட்டி சொன்னார். குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் அவர் நினைத்த விதத்தில் அல்ல. சில காட்சிகளே திரும்பத் திரும்ப வருகின்றன. எழுதிய கைதான் ஓட்டுக்கு ஓடு தடுமாறியிருக்கிறது. மரபு, தனித்தன்மை என்று நாம் எழுதிக் குவித்த கட்டுரைகளுக்கெல்லாம் அந்தத் தரை போதும் என்று எனக்குப் பட்டது. மேலே கூரையிலிருந்து கண்ணாடிச் சரவிளக்குகள். நடுவே பித்தளை அழி போட்ட வாசிப்பு மேடை. மாடியில் இன்னொரு மேடை, பெண்கள் பகுதிக்கு முன்னால். இந்த இரண்டாவது மேடையும் கேரளத்து ஜெபாலயங்களுக்கே உரியது. இங்கே பெண்கள் பாடினார்கள். மலையாளத்தில், ஆண்கள் கேட்க, கல்யாணத்திலும் பண்டிகையிலும். அந்தப் பாடல்கள் அச்சில் இல்லை. அம்மா எழுதி வைத்த நோட்டிலிருந்து மகள் தன் நோட்டில் பிரதி செய்து வந்தாள். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் தேடிப் பிடித்தது அந்த நோட்டுகளைத்தான். ஒரு இலக்கியம் முழுவதும் சமையலறை நோட்டுகளில் உயிர் வைத்திருந்தது.

இந்த ஆலயத்தின் பொக்கிஷம் செப்பேடுகள். சுமார் 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவி, முயிரிக்கோட்டில் இருந்தபடி ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்தது. வட்டெழுத்து. பாஷையைப் பழைய மலையாளம் என்கிறார்கள். அச்சில் ஏறிய வாசகத்தை நான் முன்பே நூலகத்தில் பார்த்திருந்தேன். ஒரு தமிழ் வாசகன் அதில் பாதிக்கு மேல் தடுக்காமல் நடந்து போய்விடலாம். எழுபத்திரண்டு உரிமைகள்: பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, முரசு, காகளம், தோரணம். ராஜாவுக்கு மற்றவர்கள் கட்ட வேண்டியதை இவர் கட்ட வேண்டாம். அஞ்சுவண்ணம் என்ற வணிகர் குழுவின் தலைமை. பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மருமகனுக்கும், உலகமும் சந்திரனும் இருக்கும் வரை. இந்தச் செப்பேட்டின் நகலைத்தான் 2017ல் இந்தியப் பிரதமர் இஸ்ரேலியப் பிரதமருக்குப் பரிசாகக் கொடுத்தார். சந்திரன் இருக்கிறது. உரிமையை அனுபவிக்கத்தான் தெருவில் ஆள் இல்லை.

செப்பேட்டை இப்படி வாசித்துவிட்டு நெகிழ்ந்து போய் வெளியே வந்திருக்கலாம். பலர் அப்படித்தான் வருகிறார்கள், எழுதவும் செய்கிறார்கள். எனக்கு அந்த வாய்ப்பைக் கெடுத்தது ஒரு பெயர்ப்பலகை. அந்தப் பகுதியில் ஒரு சாலையின் பெயர் ஏ.பி. சேலம். நம்மூர் சேலம் என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை. ஆபிரகாம் பராக் சேலம், 1882ல் பிறந்து 1967ல் இறந்தவர். சென்னையில் சட்டம் படித்த வக்கீல், கொச்சி சட்டசபை உறுப்பினர், காங்கிரஸ்காரர். யூத காந்தி என்பார்கள்.

கொச்சியில் யூதர்கள் ஒன்றாக இல்லை. முன்னால் வந்து, இந்த மண்ணில் கலந்து, மலையாளமே பேசியவர்கள் மலபாரிகள். அவர்களைக் கறுப்பு யூதர் என்றார்கள். பின்னால் வந்தவர்கள் பரதேசிகள், வெள்ளை யூதர். முந்தியவன் கறுப்பன், பிந்தியவன் வெள்ளையன். தோலை மட்டும் வைத்துச் சொன்னதல்ல இது. நம்மிடமிருந்து கற்றுக்கொண்ட வித்தை. கல்யாணம் கிடையாது, சேர்ந்து தொழுவது கிடையாது. பதினாறாம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு இந்த விவகாரம் கேள்வியாகப் போயிருக்கிறது. அவர்களும் சுத்த யூதர்தான், மணம் செய்யலாம் என்று அங்கிருந்த ரப்பி பதில் எழுதினார். பதிலைக் கேட்டு யாரும் மாறவில்லை. இவர்களுக்கும் கீழே ஒரு படி இருந்தது. மெஷுக்ராரிம், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வம்சம். பரதேசி ஜெபாலயத்தைச் சேர்ந்தவர்கள்தான், ஆனால் உள்ளே பெஞ்சில் உட்காரக் கூடாது. வாயிலறையில், தரையில், படியில். தோரா வாசிக்க முடியாது. செத்தால் தனி மயானம். சேலம் அந்த வம்சம். வெளியே சட்டசபையில் பேசிய மனிதர், ஓய்வு நாளன்று ஆலயத்தில் தரையில் உட்கார வேண்டியிருந்தது. அவர் அதை விட்டு வேறிடம் போகவில்லை. காந்தியிடமிருந்து கற்றுக்கொண்டதை அங்கேயே, தன் ஜனங்களிடமே பிரயோகித்தார். வருஷக்கணக்கில். கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. முழுக்கத் திறந்தபோது உள்ளே இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வெனிஸில் யூதனைச் சுற்றி மதில் எழுப்பியது மற்றவன். இங்கே மற்றவன் மதில் எழுப்பவில்லை. அதனால் தாங்களே உள்ளுக்குள் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள்.

இதை வாக்கியமாக மனசில் எழுதிக்கொண்டு, திருப்திகூடப் பட்டுக்கொண்டு, வாயிலறையில் நின்றிருந்தபோதுதான் அவர் ஞாபகம் வந்தது.

எட்டு வருஷமிருக்கும். நண்பரின் மாடி அறையில் நாங்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். அந்த முறை கொஞ்சம் கூட்டம். தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்திருந்தார். ரேஷன் கடையில் எடை போடுபவர். சொந்தக் காசில் ஒரு கவிதைத் தொகுப்பு போட்டிருந்தார். அதற்கு நான் வேறொரு பத்திரிகையில் இரண்டு பக்கம் மதிப்புரை எழுதியிருந்தேன். படிமம் கைவரவில்லை, பிரக்ஞை இல்லாமல் வட்டார வழக்கு கொட்டப்பட்டிருக்கிறது, உணர்ச்சி மொழியாக மாறவில்லை என்றெல்லாம். எனக்கு அன்று வந்த பாராட்டுக் கடிதங்கள் மூன்று. அவர் வாசலில் நின்று, "உள்ள எடம் இருக்குங்களா சார்?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார், கதவோரம் நான்தான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்து நாற்காலியில் என் ஜோல்னாப் பை இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் மாடிப்படியில் உட்கார்ந்தார். இரண்டரை மணி நேரம் அங்கிருந்தே கேட்டார். கூட்டம் முடிந்து நாங்கள் டீக்கடைக்கு இறங்கியபோது படியில் அவர் இல்லை. அதன்பின் அவர் கவிதை எந்தப் பத்திரிகையிலும் வந்து நான் பார்க்கவில்லை.

நாங்கள் யாரையும் தடுத்ததில்லை என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருக்கிறேன். சிறுபத்திரிகை என்பதே வெளியே நிறுத்தப்பட்டவர்களின் இடம், வணிக எழுத்தின் ராஜ்யத்தில் நாங்கள்தான் பரதேசிகள் என்று மேடையில் பேசியிருக்கிறேன். அந்த வார்த்தையில் இருந்த பெருமையை அப்போது கவனிக்கவில்லை. கொச்சிக்காரர்கள் அதைச் சொன்ன அதே தொனியில்தான் நானும் சொல்லியிருக்கிறேன்.

வெளியே வந்து தெற்கே நடந்தேன். வழியில் மிளகு வணிகர்களின் சங்கக் கட்டிடம். மிளகின் முன்பேர வியாபாரம் ஒரு காலத்தில் அங்கே ஒரு கூடத்தில் கூச்சலாக நடந்ததாம். இப்போது கூச்சல் இல்லை. தெருவின் அந்தக் கோடியில் கடவும்பாகம், மலபாரிகளின் ஜெபாலயம், பரதேசியைவிட வயதில் மூத்தது. 1950களின் மத்தியில் மலபாரிகள் ஏறக்குறைய எல்லோரும் இஸ்ரேலுக்குக் கப்பலேறிய பிறகு அது கிட்டங்கியாயிற்று. உள்ளேயிருந்த மரவேலைகளை ஜெருசலேமில் உள்ள மியூசியத்துக்கு எடுத்துப் போனார்கள். ஓடு மட்டும் நின்றிருந்தது. 2019 மழையில் முகப்பும் விழுந்தது. இங்கே டிக்கெட் இல்லை, வழிகாட்டி இல்லை, செருப்பைக் கழற்று என்று சொல்லவும் ஆள் இல்லை.

பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் பொது ஜெபம். அதற்கு மின்யான் என்று பெயர். கொச்சியில் ஒரு காலத்தில் சுமார் 2,500 யூதர்கள் இருந்தார்கள். பரதேசிகள் அதில் நூறு பேருக்கு மேல் இல்லை. 1968ல் ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியிட்டார்கள். அதற்குப் பின் பரதேசிகளும் கிளம்ப ஆரம்பித்தார்கள். பிறகு பத்துப் பேர் சேர்வதற்கு வெளியூர் யாத்ரீகர்களை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில் பரதேசி யூதப் பெண்களில் கடைசியானவர் என்று சொல்லப்பட்டவரும் காலமானார். எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் இஸ்ரேல்தான், தீண்டாமை அல்ல. சரித்திரத்தை நீதிக்கதையாக்க நான் விரும்பவில்லை. ஆனால் பத்துக்கு ஒன்பது பேர் இருந்த ஏதோ ஒரு காலையில், படியில் உட்கார வைக்கப்பட்டவர்களை யாராவது நினைத்துக்கொண்டிருப்பார்களா என்ற கேள்வியை என்னால் தவிர்க்க முடியவில்லை.

கடைசியாகப் பார்க்கப் போனது ஒரு கவிஞனின் சமாதி. நெஹேமியா மோத்தா. கபாலா மறைஞானி, ஹீப்ருவில் பாடல்கள் எழுதியவர், 1615ல் இறந்தார். கறுப்பு யூதர்களின் மயானம் இருந்த இடம் அது. மயானம் போய்விட்டது. வீடுகள் நெருக்கிக்கொண்டு வந்துவிட்டன. சந்துக்குள், யாருடைய வீட்டு முற்றமோ என்று தயங்க வைக்கும் இடத்தில், வெள்ளையடித்த அந்தச் சமாதி மட்டும் நிற்கிறது. எல்லா மதத்தவரும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாளிடம், இவர் கவி அல்லவா என்று என் தமிழ்மலையாளத்தில் கேட்டேன். "கவியோ? அதொன்னும் அறியில்லா. விளிச்சால் கேள்க்கும்" என்றார். கூப்பிட்டால் காது கொடுப்பார். நானூறு வருஷத்துக்குப் பிறகு ஒரு கவிஞனைப் பற்றி இந்த அளவுக்கு நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை. நான் மெழுகுவர்த்தி வாங்கி வரவில்லை. அந்த அம்மாளே ஒன்றைக் கொடுத்துக் காசு வேண்டாம் என்று விட்டார். ஏற்றினேன். எதையும் கேட்கத் தோன்றவில்லை.

ஊருக்கு வந்ததும் அலமாரியில் தேடி அந்தத் தொகுப்பை எடுத்தேன். மதிப்புரைப் பிரதி, முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து. இரண்டு இரவுகளில் முழுக்கப் படித்தேன். நான் எழுதியது தவறு என்று இப்போது சொன்னால் இந்தக் கட்டுரை அழகாக முடியும். அப்படிச் சொல்ல முடியவில்லை. பாதிக்கு மேல் இன்றைக்கும் மோசமான கவிதைகள்தான். வட்டார வழக்கு பற்றி எழுதியது மட்டும் எனக்கே கூச்சமாக இருந்தது. அது விமர்சனம் அல்ல, வேறு ஏதோ. எடைக் கல்லைப் பற்றிய ஒரு கவிதை நல்ல கவிதை. அதை அன்று நான் பார்க்கவேயில்லை. பார்க்காமல் விட்டதற்கும் நாற்காலியில் இருந்த பைக்கும் சம்பந்தம் உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது. தரம் பார்ப்பது என் வேலை என்றால் அதை இனியும் செய்வேன், தாட்சண்யம் இல்லாமல். ஆனால் உட்கார இடம் கொடுப்பது தரத்தின் பேரில் முடிவு செய்யும் விஷயமில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதற்கு நான் மரபு, தேர்ச்சி, பிரக்ஞை என்று பெயர்கள் வைத்திருந்தேன்.

தொகுப்பின் பின்னட்டையில் இருந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். எடைக் கல் கவிதையைப் பற்றி ஒரு பக்கம், பையைப் பற்றி இரண்டு வரி. மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி அடித்துவிட்டேன், அவரை மன்னிக்க வைக்கும் உரிமை எனக்கில்லை என்று தோன்றியதால். அனுப்பி ஐந்து மாதங்களாகின்றன. பதில் வரவில்லை. விலாசதாரர் இல்லை என்று கடிதம் திரும்பியும் வரவில்லை.